பொன் மாளிகையின் தரை
வெனிஸின் கிராண்ட் கால்வாய் ஓரத்து அரண்மனைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது கா தோரோ. பெயருக்கே 'பொன் வீடு' என்று பொருள். மரினோ கொண்டாரினி என்ற வணிகப் பிரபு 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டியது. முகப்புக்கு அசல் தங்க முலாமும் விலையுயர்ந்த நீலமும் பூசினார்கள். இன்று அந்தப் பொன் இல்லை, சல்லடைபோல் செதுக்கிய கல் மாடங்கள் மட்டும் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. அதுவே போதும், அவ்வளவு அழகு!

இத்தனை கனமும் சேற்றில் அடித்து இறக்கிய மரக்கம்பங்களின் மேல்தான். சேற்றுக்குள் காற்று புகாததால் மரம் எளிதில் மக்குவதில்லை. அதற்கு மேல் ஈரம் ஏறாமல் இருக்க இஸ்த்ரியக் கல் என்ற அடர்த்தியான சுண்ணாம்புக்கல் அடுக்கு. என்ன ஒரு கட்டுமான அறிவு!

19ஆம் நூற்றாண்டில் கைமாறிக் கைமாறி, உள்ளே இருந்த கல் படிக்கட்டு, கிணற்றுச் சுற்றுக்கல் எல்லாம் போய்விட்டன. 1894இல் வாங்கிய ஜார்ஜோ பிராங்கெட்டி அவற்றைத் தேடித் திரும்பக் கொண்டுவந்தார். அப்புறம், கீழ்த்தளத்து மொசைக் தரை. வண்ணச் சலவைக்கல் துண்டுகளை முழங்காலிட்டுத் தன் கையாலேயே பதித்தார் அந்தப் பெரும் பணக்காரர். 1916இல் வீட்டையே அரசுக்குக் கொடுத்துவிட்டார்.

வெனிஸ் போகிறவர்களே, கா தோரோ படகு நிறுத்தத்தில் இறங்குங்கள். முகப்பைப் படம் எடுத்தது போதும் என்று திரும்பிவிடாதீர்கள், அந்தத் தரையைப் பாருங்கள்.