ஹொர விதை

"சேர், நிலத்தில கிடந்ததுதானே?" என்றுதான் அவள் கேட்டாள். உயர்தர உயிரியல் வகுப்புப் பிள்ளை. கையில் மழைக்காட்டுப் பெருமரமான ஹொரவின் விதை ஒன்று. உருண்டைக் காயின் தலையில் விரல் நீளத்துக்கு இரண்டு சிறகுகள், ஒன்றின் நுனி கிழிந்திருந்தது. அட்டை கடித்து அவளுடைய காலுறையெல்லாம் இரத்தம். அதை அவள் கவனிக்கவே இல்லை.

"இருந்த இடத்திலயே வை பிள்ளை. இது எங்கட ஊரில முளைக்காது."

முதல் வசனத்துக்காக நான் வருந்தவில்லை. சிங்கராஜா மழைக்காட்டிலிருந்து ஒரு இலையைக்கூட எடுத்துவரக் கூடாது என்று பேருந்திலேயே சொல்லியிருந்தேன். விழுந்த விதையும் காட்டுக்குரியதுதான். என்னை உறுத்துவது இரண்டாவது வசனம்.

அதுவும் பிழையில்லை. அந்த விதை காய்ந்தால் சில நாட்களில் செத்துவிடும். வருசத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை குடிக்கும் மரம், மார்கழியோடு மழை ஓய்ந்துவிடும் எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தரையில் என்ன செய்யும்? ஆனால் வகுப்பில் யாராவது கேட்டிருந்தால், ஏன் முளைக்காது என்று அரை மணித்தியாலம் ஆசையாகப் பேசியிருப்பேன். அங்கே, மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே பேச்சில் அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பிறகு வழிகாட்டி எங்களைக் காட்டோரத்துப் பைன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். எழுபதுகளில் ஒட்டுப்பலகைக்காக இந்தக் காட்டையே வெட்டியதையும், மக்கள் எதிர்த்ததால் 1977இல் அது நின்றதையும் வழியிலேயே சொல்லியிருந்தார். அவர் சிங்களத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்லவேண்டும். சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காட்டை எரித்து, பிறகு பன்னச் செடி மட்டும் மூடிக் கிடந்த நிலமாம். அதில் பைனை நட்டார்கள். அதன் நிழலில் ஆராய்ச்சியாளர்கள் காட்டு மரக் கன்றுகளை வைத்துப் பார்த்தார்கள், பிடித்துவிட்டன. எங்கள் தலைக்கு மேல் நின்றன.

அதை என் வாயாலேயே சொன்னேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டாள்.

அது காட்டை ஒட்டிய நிலம், அதே மழை, யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். யாருக்காகச் சொல்லப் போகிறேன் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

வவுனியா தாண்டித் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். எங்கே நட நினைத்தாய் என்று கேட்கத்தான் அவள் பக்கம் போனேன். "அட்டை கடிச்ச இடம் எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.