பாரிஸிலிருந்து வந்தால் 600 யூரோ, இங்கிருந்து போனால்?

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினர்களைக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். கடலூர், சிதம்பரம் பக்கம் போனால் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் இன்னும் அதிகம். இத்தனை பேர் விமானத்தில் போய் வரும் ஊர்களில், விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ நமக்கு என்ன சேர வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. டிக்கெட் பணம் திரும்பி வந்தாலே போதும் என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது இழப்பீடு அல்ல. நடக்காத பயணத்துக்கு நாம் கொடுத்த பணம் நம்மிடமே திரும்புவது, அவ்வளவுதான்.

எந்தச் சட்டம் நமக்குப் பொருந்தும் என்பது விமானம் எங்கிருந்து புறப்படுகிறது, அது யாருடைய விமானம் என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற ஒழுங்குமுறை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்துக்கும் அது பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானமோ ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால் மட்டுமே அதன் கீழ் வரும். ஆகவே, பாரிஸிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்கு ஒரே முன்பதிவில் வருபவர் வளைகுடா நிறுவனத்தில் பறந்தாலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டு. விடுமுறை முடிந்து அதே நிறுவனத்தில் சென்னையிலிருந்து பாரிஸுக்குத் திரும்பும்போது அது கிடையாது. ஆனால் ஜெர்மன் நிறுவனம் ஒன்றில் சென்னையிலிருந்து பிராங்பர்ட் போனால் மறுபடியும் உண்டு. பாஸ்போர்ட்டின் நிறத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பணம் என்று நம் ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தொகை தூரத்தைப் பொறுத்தது: 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் என்றால் ஒருவருக்கு 600 யூரோ. தாமதம் மூன்று மணி நேரத்துக்கு மேல், நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் அதில் பாதியாகக் குறைக்கலாம். ஒழுங்குமுறையின் வாசகத்தில் ரத்துக்கும் ஏற்ற மறுப்பதற்கும் மட்டுமே இழப்பீடு சொல்லப்பட்டிருந்தது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் அதே உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம்தான் 2009 நவம்பரில் தீர்ப்பளித்தது. போய்ச் சேரும் நேரம் என்பது சக்கரம் ஓடுபாதையைத் தொடும் நேரம் அல்ல, பயணிகள் இறங்குவதற்காக விமானத்தின் கதவு ஒன்றாவது திறக்கப்படும் நேரம் என்று 2014-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடத்துக்கும் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கும் இடையே நூற்றுக்கணக்கான யூரோ தொங்கும்போது, கதவு திறந்த நேரத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பது வீண் வேலை அல்ல. இந்த மூன்று மணி வரம்பை நீண்ட தூரப் பயணங்களுக்கு ஆறு மணியாக உயர்த்த வேண்டும் என்று உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் 2025 ஜூனில் நிலைப்பாடு எடுத்தார்கள் என்பதையும், அது பயணிகளுக்குப் பாதகமானது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-இல் வெளியிட்டு, 2016-இல் தொகைகளை உயர்த்திய விதிகள் உள்ளன. முன்கூட்டியே தெரிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். மலிவான டிக்கெட் வாங்கியவருக்கு இழப்பீடும் மலிவாகவே வரும். இருக்கும் இடங்களைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு, உறுதியான டிக்கெட் வைத்திருப்பவரை ஏற்ற மறுத்தால் மட்டும் விதி கொஞ்சம் கண்டிப்பானது: ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால், 24 மணி நேரத்துக்குள் தந்தால் கட்டணத்தின் இரு மடங்கு, உச்சவரம்பு 10,000, அதற்கும் மேல் போனால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000.

தாமதத்துக்கு இந்த விதிகளில் பண இழப்பீடே இல்லை. குறுகிய பயணங்களில் இரண்டு மணி நேரம் தாண்டினால் சாப்பாடும் சிற்றுண்டியும், ஆறு மணி நேரம் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், 24 மணி நேரம் தாண்டினாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ விடுதி, அவ்வளவே. கடலூரிலிருந்து மீனம்பாக்கம் போக நான்கைந்து மணி நேரம் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பும் நமக்கு, ஐந்து மணி நேரத் தாமதம் என்பது ஒரு முழு நாள் சம்பளம். அதற்கு ஒரு பொட்டலம் உணவு சமமாகும் என்று விதி எழுதியவர்கள் எப்படி நினைத்தார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

சர்வதேசப் பயணமாக இருந்தால் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை துணைக்கு வரும். இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. அங்கே நிலையான தொகை கிடையாது. தாமதத்தால் உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தை ரசீதுகளோடு நிரூபிக்க வேண்டும். நிறுவனம், தாமதத்தைத் தவிர்க்க இயன்றதெல்லாம் செய்தேன் என்று காட்டித் தப்பிக்கலாம்.

எல்லாச் சட்டத்திலும் நிறுவனங்கள் ஒதுங்குவது ஒரே வாசல் வழியாகத்தான்: அசாதாரணச் சூழ்நிலை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அன்று ரத்தான விமானத்துக்கு இழப்பீடு கேட்பது நியாயமும் அல்ல, கிடைக்கவும் கிடைக்காது, கட்டணம் மட்டும் திரும்ப வேண்டும். ஆனால் வழக்கமான இயந்திரக் கோளாறு ஐரோப்பாவில் அசாதாரணமாகக் கருதப்படுவதில்லை என்று 2008-இலேயே தீர்ப்பாகிவிட்டது. நம் விதி வேலைநிறுத்தத்தை அசாதாரணப் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கேயோ நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் சம்பளத்துக்காக நடத்தும் வேலைநிறுத்தம் நிறுவனத்தின் பொறுப்பு, விமானக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம்தான் அதற்கு அப்பாற்பட்டது. ஆகவே “செயல்பாட்டுக் காரணங்கள்” என்ற மழுப்பலான சொற்றொடரை ஏற்றுக்கொள்ளாமல், என்ன காரணம் என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். பாரிஸிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட அக்காவிடம், “காரணத்தை எழுத்தில் வாங்குங்கள் அக்கா, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னேன். நிறுவனம் முதலில் வானிலை என்றது, எழுத்தில் தரும்போது தொழில்நுட்பக் கோளாறு என்றது. அதற்குப் பிறகு வாதாட அதிகம் எதுவும் இருக்கவில்லை.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், டிக்கெட் போடும் ஏஜென்ட். அவசரத்தில் அவர் தன் கைபேசி எண்ணையே எல்லாப் பயணிகளுக்கும் கொடுத்துவிடுகிறார். ரத்துச் செய்தி அவருக்குப் போகும், அவர் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார், நாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டிக்கொண்டிருப்போம். தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு ரத்துக்கான இழப்பீடு இல்லை என்று டிஜிசிஏ விதியே சொல்வதால், டிக்கெட் அச்சாகும் முன் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதேபோல புதுச்சேரியின் இலாசுப்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூரு போய் அங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள், முடிந்தவரை இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் எடுப்பது நல்லது. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறிப்போனாலும் இரண்டாவது நிறுவனம் கையை விரித்துவிடும்.

முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத வேண்டும், பதில் இல்லாவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் தரலாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்திலும், புதுச்சேரிக்காரர் புதுச்சேரியிலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நுகர்வோர் சட்டத்திலும் மாண்ட்ரியல் உடன்படிக்கையிலும் காலவரம்பு இரண்டு ஆண்டுகள் என்பதால், போன வருடம் அலைக்கழிந்தவர்கள் போர்டிங் பாஸைத் தேடி எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.