நோர்வூட் தண்ணீரும் ஒரு கரண்டி உப்பும்

நோர்வூட் பக்கம் சின்னதாக ஒரு வாகன சேர்விஸ் நடத்துகிறேன். லொறியும் ஓட்டோவும் கழுவும் தண்ணீர் மூன்று அறைத் தொட்டியில் தங்கித்தான் போகும். மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிவிடலாம். சோப்போடு கலந்து பால் மாதிரி வெளுத்த தண்ணீர் மட்டும் எத்தனை நாள் வைத்தாலும் பிரியாது. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனபோது அதில்தான் மாட்டிக்கொண்டேன். ஆற்றுக்கு விடும் தண்ணீரில் எண்ணெயும் கிரீஸும் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நியாயம்தானே? எங்கள் கெசல்கமு ஓயாதான் காசல்ரீ நீர்த்தேக்கத்தைத் தாண்டி மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி ஆறாகிறது. கொழும்பு குடிக்கிற தண்ணீர் அது.

பேராதனையில் இரசாயனப் பொறியியல் படிக்கும் சித்தப்பா மகன் லீவில் வந்திருந்தான். "அண்ணே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக் கழிவுநீரிலும் இதே தலைவலிதான். அங்கே பீனோல், சல்பைட் மாதிரி நச்சுகளும் கூடச் சேரும். கரண்ட் விட்டுப் பார்ப்போமா?" என்றான்.

20 லீற்றர் வாளியில் அந்த வெள்ளைத் தண்ணீர், அதற்குள் நான்கு அலுமினியத் தகடு, அவற்றுக்கு 12 வோல்ட் பெட்டரி சார்ஜர். அரை அம்பியர்கூட ஓடவில்லை. ஒரு மணி நேரம் நின்றும் தண்ணீர் அப்படியே வெள்ளையாக இருந்தது. மலைத் தண்ணீரில் உப்புச்சத்து குறைவு, கரண்ட் ஓட வழியில்லை என்று தம்பிதான் கண்டுபிடித்தான். 20 கிராம் கறியுப்பு போட்டதும் ஊசி ஒன்பது அம்பியருக்கு ஏறியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத் தகடுகளில் மணல் மணலாகக் குமிழி. அது ஐதரசன். அதனால் வெட்டவெளியில்தான் செய்தோம், பீடி சிகரெட் கிட்டவே வரவிடவில்லை. மறுபக்கத் தகடு கரைந்து, அதிலிருந்து வரும் அலுமினியம் எண்ணெய்த் துளிகளின் மைனஸ் மின்னேற்றத்தைத் தணிக்கிறதாம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தவை ஒட்டிக்கொள்ள, குமிழி அவற்றை மேலே தூக்கிவிடுகிறது. நாற்பது நிமிடத்தில் சாம்பல் நிறத்தில் தயிர் ஆடை மாதிரி ஓர் அடுக்கு மிதந்தது. கீழே, வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது! பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாலைந்து தடவைக்குப் பிறகு மறுபடி கரண்ட் குறைந்தது. தகட்டில் கரண்டை மறிக்கும் ஒட்சைட்டுப் படலம். வயரை மாற்றிக் கொடுத்து இரு பக்கமும் மாறி மாறிக் கரையவிட்டதும் சரியானது. ஆய்வுகூடத்துக்குக் கொடுத்த மாதிரி 10க்குக் கீழே வந்தது.

அள்ளிய எண்ணெய்ச் சேறு இரண்டு பீப்பாய் நிறைந்து மூடிக் கிடக்கிறது. அதைக் காட்டிலோ வடிகானிலோ கொட்ட மனம் வராது, அனுமதி உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். 200 லீற்றர் தாங்கிக்கான தகடுகளைத் தம்பி அடுத்த லீவில் வந்ததும் வெட்டப்போகிறோம்.