எரிகோவில் சோதனை மலை ஏறியபோது

பேருந்து எரிகோவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாழைத்தோட்டம். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது போதாதா? பாலைவனத்தையே பார்த்துப் பார்த்துக் கண் காய்ந்திருந்த எங்கள் கூட்டம் மொத்தமும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே கிடக்கிற ஊர் அது. எலிசா தீர்க்கதரிசி உப்புப் போட்டு ஆரோக்கியமாக்கியது என்று சொல்லப்படும் ஊற்று இன்னும் ஓடுகிறது. வாழையும் பேரீச்சையும் பச்சையாக நிற்பது அந்தத் தண்ணீரால்தான்.

அந்தப் பச்சைக்கு நேர் மேற்கே, ஒரு புல்கூட இல்லாமல், சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது சோதனை மலை. இயேசு ஆண்டவர் நாற்பது நாள் உபவாசமிருந்ததும், சகல ராஜ்யங்களையும் காட்டிப் பிசாசு அவரைச் சோதித்ததும் இங்கே என்பார்கள். அரபியில் ஜெபல் குருந்துல். 'நாற்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தச் சோதனையை எழுதிய மத்தேயுவும் லூக்காவும் மலையின் பெயரைச் சொல்லவில்லை. இந்த மலைதான் என்பது பாரம்பரியம். அதை எங்களோடு வந்த சபைப் போதகர் ஐயரே பேருந்தில் சொல்லிவிட்டார், அதனால் யாரும் வாதம் பண்ணவில்லை.

மேலே போக கேபிள் கார் பெட்டிகள் உண்டு, சிவப்பு நிறத்தில், கம்பியில் தொங்கிக்கொண்டு. என் மனைவிக்கு உயரம் என்றால் பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று 121ஆம் சங்கீதத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பெட்டி விடுகிற இடத்திலிருந்து படிக்கட்டு. செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்த மாதிரி கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடம். ஒரு பக்கம் கட்டிய சுவர், மறுபக்கம் மலையே சுவர். நான்காம் நூற்றாண்டிலிருந்தே இந்தக் குகைகளில் துறவிகள் இருந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சிறிய குகை ஜெப அறையில், ஆண்டவர் உட்கார்ந்ததாகச் சொல்லும் கல் இருக்கிறது. மெழுகுவர்த்திப் புகையும் தூபமும் கலந்த வாசம். நின்றேன், ஜெபித்தேன். உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியது வெளியே, பாதையில். ஓரமாகக் கிடந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கை அளவு, வெளிர் பழுப்பு, மேலே லேசாக உப்பி, அடியில் தட்டையாக. காலையில் சாப்பிட்ட ரொட்டியேதான். ஓய்வுநாள் பள்ளியில் "இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்" என்று படித்தபோதெல்லாம் எனக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம்தான் மனதில் வரும். கல் எப்படி ஆப்பமாகும் என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். இங்கே அந்தக் கேள்விக்கே வேலையில்லை. பசியோடு இருக்கிறவனுக்கு இந்த மலை முழுக்க ரொட்டிதான் தெரியும்.

எனக்குத் தெரிந்தது சீட்டு. 2 வருஷம் செல்போனில் ரம்மி ஆடினேன். முதலில் 50 ரூபாய். மகன் தூங்கினபிறகு, மாதக் கடைசியில், கை வறண்டிருக்கும்போது. முதல் வாரமே 1,200 ஜெயித்தேன், அதுதான் வினை. நிறுத்தும்போது போயிருந்தது 2,40,000 ரூபாயும், அடகில் மனைவியின் சங்கிலியும். இதில் வெட்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய தொகை கட்டும் ஒவ்வொரு முறையும், "ஜெயித்தால் தசமபாகம் கொடுத்துவிடுகிறேன் ஆண்டவரே" என்று ஜெபித்துவிட்டுத்தான் கட்டினேன். தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, குதியும் என்று சொன்ன பிசாசும் சங்கீத வசனத்தைத்தான் எடுத்துச் சொன்னான். எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேறு ஆள் தேவைப்படவில்லை.

பிசாசு சோதித்த மூன்று முறையும் ஆண்டவர் பதில் சொன்னது பழைய ஏற்பாட்டு உபாகமத்திலிருந்து. அதுவும் எட்டாம் அதிகாரம், ஆறாம் அதிகாரம், அவ்வளவு பக்கத்துப் பக்கத்தில். இஸ்ரவேலர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் தோற்ற கதையைச் சொல்லும் பகுதி. "எழுதியிருக்கிறதே" என்று ஒரு வரி, முடிந்தது. நானோ இரவு ஒரு மணிவரைக்கும் பேசுவேன்: ஒரே ஒரு ஆட்டம், விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடலாம், சங்கிலியை மீட்டுவிடலாம். பேச உட்கார்ந்தாலே பாதி தோற்றாயிற்று.

கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தேன். கீழே எரிகோ, அதற்கப்பால் யோர்தான் பள்ளத்தாக்கு, தெற்கே சவக்கடலின் வெள்ளிக்கோடு, எதிரே மோவாப் மலைகள். சகல ராஜ்யங்களையும் காட்ட இந்த இடம் போதும்.

திரும்பும் முன் ஐயர் லூக்கா நான்கை வாசித்தார். "பிசாசானவன் சோதனையெல்லாம் முடித்தபின்பு சிலகாலம் அவரைவிட்டு விலகிப்போனான்." நூறு தடவை கேட்ட வசனம். 'சிலகாலம்' என்ற சொல் அதில் இருப்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

கீழே இறங்கி, பேரீச்சம்பழக் கடையில் வைஃபை போட்டேன், வீட்டுக்கு ஒரு படம் அனுப்பலாம் என்று. மகனுடைய செய்திக்கு முன்னால் வந்து நின்றது வேறொன்று. உங்கள் கணக்கில் 500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது, இன்று மட்டும். ஆப்பை அழித்து 14 மாதமாகிறது, நம்பரை அவர்கள் விடவில்லை. விரல் அதன்மேல் போனது, ஒரு நிமிஷம் இருக்கும்.

மனைவி பழம் எடை போட்டுக்கொண்டிருந்தாள். போனை அவளிடம் நீட்டினேன்.

"இதை நீ வச்சிரு."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பழப்பொட்டலத்தோடு சேர்த்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எவ்வளவு நேரத்துக்குங்க?"

"பெத்லகேம் போய்ச் சேருகிற வரைக்கும்."

"சரி, அங்க போய் திரும்பக் கேளுங்க" என்றாள்.