1 வெள்ளி 10 காசு: டெஸ்ட்டைச் சுருக்கப் போய் மாட்டிக்கொண்ட கதை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே, தோட்ட அலுவலகங்களுக்கான சம்பளக் கணக்கு மென்பொருளில் வேலை பார்க்கிறேன். அதில் சேமநிதிப் பகுதிக்கு, அதாவது மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் இ.பி.எஃப். கணக்குக்கு, யூனிட் டெஸ்ட் (கணக்கு சரியான விடை தருகிறதா என்று தானாகச் சோதிக்கும் சின்ன புரோகிராம்) எழுதினேன், எழுதினேன் என்றால் ஒன்றை எழுதிவிட்டு மீதியெல்லாம் காப்பி பேஸ்ட். ஒவ்வொன்றின் தலையிலும் அதே இருபது வரி: பெயர், அடையாள அட்டை எண், தோட்டம், பிரிவு, வேலையில் சேர்ந்த தேதி, வங்கிக் கணக்கு, வயது, சம்பளம். கணக்குக்கு வேண்டியது கடைசி இரண்டும்தான். ஒருநாள் தொழிலாளி விவரத்தில் புதிதாக ஒன்றைக் கட்டாயமாக்கினோம், அறுபது டெஸ்ட்டும் ஒரேயடியாகச் சிவப்பு, எல்லாம் ஃபெயில்.

கோபத்தில் எல்லாவற்றையும் சுருக்கினேன். எல்லா டெஸ்ட்டும் பொதுவாக எடுத்துக்கொள்ள ஒரு தாய் கிளாஸ், அதில் தொழிலாளி விவரத்தைத் தயார் செய்ய ஒரு செட்அப், கூடவே 'சரிபார்' என்று ஒரு ஃபங்ஷன். சம்பளத்தைக் கொடுத்தால் போதும், வரவேண்டிய விடையையும் அதுவே 11 விழுக்காடு போட்டுக் கண்டுபிடித்து ஒப்பிட்டுக்கொள்ளும். டெஸ்ட் ஒவ்வொன்றும் இரண்டே வரி. பெருமையாக இருந்தது, மறுக்கவில்லை.

அப்புறம்தான் ஒரு தோட்ட அலுவலகத்திலிருந்து அக்கா ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, 1,890 வெள்ளி சம்பளத்துக்கு உங்க சிஸ்டம் 207.90 காட்டுது, அட்டவணையில 209 இருக்கே?" அவர் சொன்னதுதான் சரி. சேமநிதியை நேராக விழுக்காடு போட்டுக் கழிக்கக் கூடாது. சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அங்கே 5,000 வெள்ளி வரை 20 வெள்ளிக்கு ஒரு படி. 1,890 என்பது 1,880.01 முதல் 1,900 வரையுள்ள படியில் விழும், அந்தப் படிக்குத் தொழிலாளி பங்கு 209, முதலாளி பங்கு 13 விழுக்காட்டில் 247.

நான் முதலில் எழுதியவை 1,700, 2,000 என்று படியின் உச்சியிலேயே நிற்கும் எண்கள், அதனால் தப்பான கணக்கும் சரியாகவே வந்தது. ஆனால் கூட வேலை செய்யும் ஈப்போ பையன் பின்னால் 1,890-ஐயும் சேர்த்திருந்தான்! விடையைக் கையால் எழுத வேண்டியிருந்தால் அவன் அட்டவணையைத் திறந்திருப்பான். என் 'சரிபார்' அந்த வேலையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. புரோகிராமில் இருந்த அதே தப்பு டெஸ்ட்டிலும் இருந்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று தலையாட்டிப் பச்சை காட்டின.

அன்று ராத்திரி ஒட்டுக்கடையில் அப்பாவிடம் புலம்பினேன். தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர், தொழிலாளிகளின் அன்றாட வேலைப் பதிவேடான செக்ரோல் எழுதி எழுதியே விரல் காய்த்தவர். பிரிவு, வேலை எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் டிட்டோ போட்டுக்கொண்டே போவாராம், மாறுவதை மட்டும் எழுதுவாராம். "ஆனா பக்கம் திருப்பினா முதல் வரியில டிட்டோ போடக் கூடாதுடா. பெரிய கிராணி பக்கத்தைத் தனியா எடுத்துப் பார்த்தா என்ன புரியும்?" என் டெஸ்ட்டில் பக்கத்துக்குப் பக்கம் முதல் வரியே டிட்டோதான். ஒன்று விழுந்தால் என்ன சோதிக்கிறது என்று பார்க்க மூன்று ஃபைல் ஏறி இறங்க வேண்டும்.

மறுநாள் சேமநிதி டெஸ்ட்டுகளிலிருந்து தாய் கிளாஸைத் தூக்கினேன். அதற்குப் பதில் தொழிலாளியை உருவாக்கித் தர ஒரு சின்ன ஃபங்ஷன், எல்லா விவரத்துக்கும் ஏதோ ஒரு மதிப்பு முன்கூட்டியே இருக்கும், டெஸ்ட் தனக்கு வேண்டியதை மட்டும் சொல்லும்: தொழிலாளி(வயது=60, சம்பளம்=1890). கண்டிப்பாக வைத்துக்கொண்டது ஒன்று: விடையை மாற்றக்கூடிய விவரம் என்றால், முன்கூட்டி இருக்கும் மதிப்பும் அதுவே என்றாலும், டெஸ்ட்டிலேயே எழுத வேண்டும். விடைகள் எல்லாம் அட்டவணையைப் பார்த்துக் கையால் எழுதியவை. 209, 247 என்று திரும்பத் திரும்ப வருகிறது, வரட்டும்.

ஒரே கேள்விக்கு எண் மட்டும் மாறும் இடங்களை, டெஸ்ட்டை ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டின் பாராமீட்டரைஸில் (ஒரே டெஸ்ட்டை ஓர் எண் பட்டியலுக்கு ஓட்டும் வசதி) போட்டேன், ஒவ்வொரு வரிசைக்கும் 'படியின் உச்சி', 'படி தாண்டி ஒரு காசு' என்று பெயர் கொடுத்து. ஃபார் லூப்பில் சுற்றினால் முதலில் விழுந்ததோடு நின்றுவிடும், இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடும். 60 வயதானவர்களை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தொழிலாளி பங்கே கிடையாது, முதலாளி 4 விழுக்காடு, அதாவது 1,890-க்கு 76 வெள்ளி. சேர்த்திருந்தால் டெஸ்ட்டுக்குள், வயதைப் பார்த்துப் பாதை பிரிக்க, ஒரு இஃப் போட வேண்டிவரும், அதற்கு யார் டெஸ்ட் எழுதுவது? தனியாகவே விட்டுவிட்டேன், நாலு வரி கூடுதல்.

மிகைநேர டெஸ்ட்டுகள் இன்னும் அந்தப் பழைய 'சரிபார்'-ஐத்தான் பிடித்துத் தொங்குகின்றன. தீபாவளி லீவுக்குள் அதில் கை வைக்க வேண்டும்.