மண்ணில் கட்மியம் இருந்தால்: பயோசார் போடும் முன்

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் வருடக்கணக்காக டீ.எஸ்.பி. என்ற பொஸ்பேற் உரம் கொட்டிய மண்ணில் கட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்திருக்கலாம். உரம் செய்யும் பொஸ்பேற் பாறையிலேயே அது இருக்கிறது. பயோசார், அதாவது காற்றுக் குறைவாக எரித்துச் செய்யும் கரி, அதை மண்ணிலிருந்து வெளியே எடுக்காது. மண்ணின் புளிப்பை (அமிலத்தன்மையை) குறைத்து, உலோகத்தைத் தன்னோடு பிடித்துவைத்து, வேருக்குப் போவதைக் குறைக்கும். சாப்பிடுகிற கிழங்குக்கு அதுவே பெரிய காரியம்.

நன்றாகக் காய்ந்த கவ்வாத்துக் குச்சி எடுங்கள். கூம்பு வடிவக் குழியில் அடியில் தீ மூட்டி, மேல் குச்சிகளில் வெள்ளைச் சாம்பல் படியத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு போடுங்கள். பிந்தினால் கரி சாம்பலாகிவிடும், அவசரப்பட்டால் புகைதான் வரும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுதாக அணையுங்கள். உள்ளே ஒரு கங்கு மிஞ்சினாலும் இரவோடு இரவாக எல்லாம் சாம்பல். உமி இந்தக் குழிக்குச் சரிவராது, காற்றுப் போகாமல் அடைத்துக்கொள்ளும். பெயின்ற் பூசிய பலகை வேண்டவே வேண்டாம், அதிலேயே ஈயம் இருக்கலாம்.

கரியை நொறுக்கி, அதே அளவு கொம்போஸ்ற்றோடு ஈரமாக இரண்டு, மூன்று கிழமை வையுங்கள். இப்படி ஊறாத பச்சைக் கரி நைதரசனை இழுத்துக்கொண்டால் பயிர் மஞ்சளாகும். சதுர மீற்றருக்கு 2 கிலோ காய்ந்த கரி, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கொத்திக் கலந்தால் மண்ணின் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம். சரிவான காணியில் மேலாகத் தூவினால் முதல் மழையே ஓடைக்குக் கொண்டுபோய்விடும்.

மண் பரிசோதனையில் ஆசனிக் என்ற நஞ்சு தெரிந்தால் நிறுத்துங்கள். புளிப்புக் குறைந்தால் அது இளகி வரலாம். தேயிலைக்குப் புளிப்பு மண், பீ.எச். 4.5 முதல் 5.5 வரைதான் தேவை, அங்கே புளிப்பைக் குறைக்கும் டொலமைற்றும் கரியும் சேர்த்துக் கொட்டாதீர்கள்.