மாலை ஆறு மணிக்குப் பிறகு

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா என்னும் பரம்பரை விழித்திரை நோய் இருப்பது தெரிந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முதலில் அழிவதால் இரவுப் பார்வை போனது. பிறகு பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கி, இப்போது எதிரே நிற்பவரின் முகம் தெரிகிறது, அவர் நீட்டும் கை தெரிவதில்லை.

ஒரே நாளில் போயிருந்தால் ஒருமுறை அழுது தீர்த்திருப்பேன் என்று நினைத்ததுண்டு. சிறிது சிறிதாகப் போகும்போது, பழகிவிட்டது என்று மூச்சுவிடும் நேரத்தில் இன்னொன்று கைநழுவுகிறது. ஸ்கூட்டரை விற்றபோது வந்த துக்கம், எதிரே வரும் ஆட்டோவைக் கவனிக்கத் தவறிய அன்று மறுபடியும் புதிதாக வந்தது. காலையில் எழுந்ததும் சுவர் நாட்காட்டியில் எத்தனை கட்டங்கள் ஒருசேரத் தெரிகின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் என்னை மிகவும் வதைத்த பழக்கம். சென்ற ஆண்டு அக்கா அதைக் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டாள். அதன்பின் உண்மையாகவே தூக்கம் வந்தது.

வெள்ளைக் கோலை இரண்டு ஆண்டுகள் பைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தேன். தெருவில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் என்னை வீட்டிலேயே அடைத்துவைத்தது. ஓரளவு பார்வை இருக்கும்போதே கோலையும் கைபேசித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் டாக்பேக் வசதியையும் கற்றுக்கொள்ளுங்கள் என்று, இதே நிலையில் இருக்கும் நண்பர்களை மன்றாடிக் கேட்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வைப் புலம் 40 பாகைக்குக் கீழே சுருங்கியவர்களையும் குறைபார்வையினராக ஏற்கிறது; "நன்றாகத்தானே பார்க்கிறீர்கள்" என்று யார் சொன்னாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்கத் தயங்காதீர்கள்.

நேற்று இருட்டிய பிறகு, கோலுடன் நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தேன்.